இறக்கத்துக்கு ஏற்ற டயர்

"எங்கிட்டயே மறைச்சுட்டியேடா தங்கராசு!"

முதலாளி வெங்கடாசலம் காபி காயவைக்கும் களத்து ஓரத்தில் நின்று இப்படிக் கேட்டதும், டிரைவர் தங்கராஜுக்குத் தோன்றியது ஒன்றுதான். தேவகுமாரி வாய் தவறி எதையாவது உளறிவிட்டாளா?

"டயரு நாலும் மொட்டையாத் தேஞ்சு கெடக்குது. ஒரு வார்த்த சொன்னியாடா?" என்று பழைய பியட்டின் சக்கரத்தை அவர் காலால் தட்டிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

சொல்லாமல் என்ன? போன மழைக்கே சொன்னான். 'இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும், ஓட்டுடா' என்று தட்டிக்கழித்தவர் அவர்தான். ஆனால் எதிர்த்து வழக்காடும் நிலையிலா இருந்தான் அவன்?

நாளை விடியற்காலை, மலைமேல் இருக்கும் இந்தச் செம்மநத்தத்தில் ஒருவரும் கண் விழிக்கும் முன்பு, இதே வண்டியில் முதலாளியின் ஒரே மகள் தேவகுமாரியை ஏற்றிக்கொண்டு அவன் மலை இறங்கப்போகிறான். சேலத்துக் கோயில் ஒன்றில் தாலி. வண்டியைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப ஒரு சிநேகிதனிடம் சொல்லி வைத்திருந்தான்.

அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். எல்லாம் முதலாளியின் அண்ணன்மார்கள் பேசி முடித்தது. அவர்கள் முன்னால் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும், சோறு போட்டவர் வண்டியிலேயே அவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதா என்று நினைத்தால் தங்கராஜுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"நின்னுட்டே இருக்கற? வண்டிய எடு. சேலம் போயி இன்னிக்கே மாத்தோணும்."

சேலத்து டயர் கடையில் கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "இத எடுத்துக்குங்க. நேர்கோடு போட்டது. நொம்ப நாளைக்கு ஒழைக்கும்."

"ஒழைக்கறது கெடக்கட்டுங்க. ஈரத்துல பிடிக்குமா?" என்றார் முதலாளி.

"அதுக்குன்னா இதுங்க. குறுக்கால வெட்டு விட்டிருக்குது பாருங்க, தண்ணிய ஒதுக்கிட்டு ரோட்டக் கவ்விப் பிடிக்கும். ஆனா சீக்கிரம் தேஞ்சு போயிரும். உங்களுக்கு ஏத்தத்துக்கு வேணுங்களா, எறக்கத்துக்கா?"

"எறக்கத்துக்குங்க. விடியக்காலத்துல பனி பேஞ்சு ரோடு சொதசொதன்னு கெடக்கும். இதையே போடுங்க. ஸ்டெப்னிக்கும் சேத்து அஞ்சு."

"பின்னால ரெண்டு மாத்துனாப் போதுமுங்கய்யா" என்றான் தங்கராஜ் மெதுவாக.

"நீ சும்மா இருடா" என்றவர், கடைக்காரரிடம் திரும்பினார். "எம் புள்ளைக்கு என்னால ஆனது இதுதானுங்க."

பெண் பார்க்க வருகிறவர்களை அழைத்துவர இவ்வளவு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதர் அண்ணன்மார்கள் நடுவில் தலை குனிந்து நிற்பார். வாசலில் புது டயரோடு வண்டி நிற்கும். அந்தக் காட்சி தங்கராஜின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

மலை ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. பாதி வளைவுகளைத் தாண்டியதும், "திருப்புடா" என்றார் முதலாளி.

"எங்கீங்கய்யா?"

"கீழ. எறக்கத்துல பிடிக்குதான்னு பாக்க வேண்டாமா?"

வந்த வழியே இறங்கினார்கள். ஒரு வளைவில், "ம், மிதி" என்றார். தங்கராஜ் பிரேக்கை அழுத்தினான். வண்டி வழுக்காமல் நின்றது. பழைய டயராக இருந்தால் ஓரத்துக் கட்டைச் சுவரில் போய் முட்டியிருக்கும்.

வண்டி திரும்பி மறுபடி மலை ஏறத் தொடங்கியதும், முதலாளி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நிம்மதியைத்தான் தங்கராஜால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம். அடித்தாலும் சரி, வேலையை விட்டுத் துரத்தினாலும் சரி.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க..."

"ஓட்டறப்பப் பேசாதடா. ரோட்டப் பாரு."

மலைமேல் ஏரியைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வண்டி செம்மநத்தத்துக்கு வந்து சேரும்போது மசமசவென்று இருட்டிவிட்டது. சமையலறை ஜன்னலில் தேவகுமாரியின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

தினமும் சாயங்காலம் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அது அவர் தலையணைக்கு அடியில் போய்விடும். விடிவதற்குள் அதை ஓசைப்படாமல் எடுத்து வருவதாகத் தேவகுமாரி சொல்லியிருந்தாள்.

தங்கராஜ் சாவியை நீட்டினான்.

வெங்கடாசலம் சாவியை வாங்கவில்லை. அவன் விரல்களை மடக்கி, சாவியை உள்ளங்கைக்குள்ளேயே வைத்து அழுத்தினார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"விடியக்காலம் பாத்து எறங்குங்க, மாப்ள."