ஆலாக்கள் எழும்பாத திட்டு

ஆலாக்கள் குஞ்சு பொரிக்கும் மணல்திட்டைப் படமெடுக்க வளர்மதி, மீனவர் சந்தியாகுவின் படகில் போனாள். அவருடைய தம்பி கடலுக்குப் போய் நான்கு நாளாகியும் திரும்பவில்லை. தேடியவர்களும் கைவிட்டிருந்தார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நாள் என்று அவர் படகை எடுத்திருந்தார்.

திட்டு தெரிந்ததும் கேமராவை உயர்த்தியவள், ஒரு படம் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டாள். பறவைகளுக்கு நடுவே நீலச் சட்டை போட்ட ஒருவர் குப்புறக் கிடந்தார். படத்தைப் பெரிதாக்கி சந்தியாகுவிடம் நீட்டினாள்.

"உங்க தம்பியா, அண்ணே?"

வெகுநேரம் பார்த்தார். "சட்டை என்னோடது. அன்னைக்கு நான்தான் குடுத்தேன்."

எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

"சத்தம் கேட்டா குஞ்சை விட்டுட்டுப் பறந்துரும்மா. நீங்க படம் எடுங்க."

அவள் எடுக்கவில்லை. படகு மணலைத் தொடும்வரை ஒரு பறவைகூட எழும்பவில்லை.