செவ்வந்தி விட்ட குத்து

ஒரே குத்துங்க. கத்தியைக் காட்டிச் செயினைக் கேட்ட தடியன் மூக்கு உடைஞ்சு, ரத்தம் கொட்டத் தரையில கிடக்கிறான். பக்கத்துல விறைப்பா நிக்கிறா எங்க செவ்வந்தி!

முதல் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்கினதும் நாங்க பார்த்த காட்சி இது. விசில் பறந்துச்சு.

செவ்வந்தி குத்துச்சண்டையில ஸ்டேட் சாம்பியன். எங்க டவுன்ஷிப் பிளாக் மன்றத்துல தினம் சாயங்காலம் பொண்ணுங்களுக்குத் தற்காப்பு கிளாஸ் எடுக்கிறா. நான்தான் மன்றச் செயலாளர் கருணாகரன். மைன்ஸ்ல பர்மனன்ட் தொழிலாளி.

ரிங்குல அடிக்கிறது வேற, ரோட்டுல நிஜமா ஒருத்தன் வந்தா இந்த வித்தையெல்லாம் எடுபடாதுன்னு ஆறு மாசமா கமிட்டியில மூக்கால அழுத நெடுமாறன்கூட அன்னைக்கு வாயை மூடிக்கிட்டார். அவ வேலையை நிரந்தரமாக்கணும்னு உடனே தீர்மானம் போட்டோம். அப்பா இல்லாத வீடு. அந்த வேலையை நம்பித்தான் தம்பி படிப்பே ஓடுது.

ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா. ஹால் நிரம்பி வழிஞ்சுது. பொன்னாடையைப் போர்த்தி, வேலை நிரந்தர ஆர்டரைக் கையில கொடுத்து, மைக்கையும் நீட்டினேன்.

அவ ஆர்டரை மேசை மேல வெச்சிட்டா.

"நான் அடிக்கலை சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"ரிங்குல பெல் அடிக்கும், ரெஃப்ரி இருப்பார். அங்க திடீர்னு கத்தியைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பக்கத்துல வந்து அடிச்சது சாமியம்மாக்கா. வெளிய சொல்லாதே, உன் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்கன்னு சொல்லிட்டு, பஸ் வர்றதுக்குள்ள போயிட்டாங்க. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை சார்."

சாமியம்மாள் மன்றத்தைக் கூட்டிப் பெருக்குற கான்ட்ராக்ட் ஆள். கதவோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. எல்லாத் தலையும் அங்க திரும்புச்சு.

நெடுமாறனுக்கு வந்ததே குஷி. எழுந்து நின்னு, கத்துக்கிட்டவ உறைஞ்சு போனா, கத்துக்காதவங்க அடிச்சாங்க, அப்புறம் எதுக்கு இந்த கிளாஸு, இழுத்து மூடுங்கன்னு ஆரம்பிச்சிட்டார். செவ்வந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பாவமா இருந்துச்சு.

சாமியம்மாள் மேடைகிட்ட வந்தாங்க.

"கிளாஸை மூடிடாதீங்க சார். அந்தக் குத்து இந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்ததுதான். தினம் சன்னலாண்ட நின்னு பாத்துக்கினு இருப்பேன். வூட்டுக்குப் போயி எம்பொண்ணு மணிமொழிக்கு அதையே செஞ்சு காட்டுவேன். தெனம் காட்டிக் காட்டி, அன்னிக்குக் கை தானா போயிடுச்சு."

நான் துள்ளிக் குதிக்காத குறைதான். நெடுமாறன் பொத்துன்னு உக்கார்ந்தார். ஹால்ல ஒரே கைதட்டல். ஆர்டரை எடுத்துச் செவ்வந்தி கையில திணிச்சிட்டு, சந்தோஷம் தாங்காம மைக்கைப் பிடிச்சேன்.

"இவ்ளோ ஆர்வம் இருக்குறவங்க, பொண்ணை நேராவே கிளாஸுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா?"

அந்தம்மா குரலை உயர்த்தக்கூட இல்லை.

"கூட்டியாந்தேனே சார். கான்ட்ராக்ட் புள்ளைங்களுக்கு இங்க இடமில்லன்னு நீங்கதானே திருப்பி அனுப்புனீங்க."