கட்டைவிரலுக்கு அடியில்
சாப்பாட்டு மேஜையில் மதிய வெயில். கல்யாணப் போட்டோகிராபர் இணையத்தில் வாங்கிய லென்ஸைப் பிரிக்கிறார்; மனைவி கைபேசியில் படம்பிடிக்கிறாள். வீடியோ இருந்தால்தான் திருப்பி வாங்குவார்களாம். விற்றவரின் பக்கம் காலையிலிருந்து திறக்கவில்லை. அதை அவளிடம் அவர் சொல்லவில்லை. ஆயிரம் மாப்பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்ன வாய் உலர்ந்திருக்கிறது. வலக்கையில் லென்ஸ் குளிர்ந்து கனக்கிறது. இடக்கையில் அவர் நீட்டிய வாரண்டி அட்டையை மனைவி வாசிக்கிறாள். “அட்டையில கடைசி மூணு நம்பர் ஏழு, ரெண்டு, ஒன்பது. லென்ஸ்லயும் அதானே இருக்கணும்?” எண் பொறித்த இடத்தை அவருடைய கட்டைவிரல் மூடியிருக்கிறது. “அதேதான்” என்கிறார், குனிந்து பார்க்காமலே. “வீடியோ ஓடிட்டிருக்குங்க. விரலை எடுங்க.” விரலடியில் வியர்வை கசிகிறது. விரல் நகரவில்லை.