சோபாவில் ஒரு நீள முடி

"இதோ ஒண்ணு. இன்னா நீளம் பாரு மேரி."

சோபாத் துணியில் ஒட்டியிருந்த முடியை இரண்டு விரலால் உருவி எடுத்து, பக்கத்து வீட்டு மேரியின் உள்ளங்கையில் வைத்தாள் சந்திரகலா. மேரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தங்கச் சங்கிலியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

மகன் அன்புசெல்வனுக்குத் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலை பர்மனென்ட் ஆகிவிட்ட சேதி கேட்டு, காக்களூரில் மகள் வீட்டில் தங்கியிருந்த சந்திரகலா சற்றுமுன்தான் புதுவாயலுக்குத் திரும்பியிருந்தாள். பையைக்கூடப் பிரிக்கவில்லை. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துழாவ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த சோபா, மருமகள் பூமிகாவின் அப்பா சீராகக் கொடுத்தது. அதில் உட்காரும் உரிமை மட்டும் சீரில் சேரவில்லை. கல்யாணமான புதிதில் சோபாவில் நீள முடி கிடந்ததால், பூமிகாவுக்கு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஒதுக்கப்பட்டது. அப்பா வரும் நாளில் மட்டும் சோபாவில் உட்கார அனுமதி உண்டு. அவர் போனதும் சோபாவைத் துடைக்கும் வேலையும் உண்டு. அவள் உட்காராத நாட்களிலும் முடி எப்படி வருகிறது என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. ஃபேன் காற்றில் பறந்து வருகிறது என்று சந்திரகலாவே விளக்கியிருந்தாள்.

தலையில் துண்டு சுற்றியிருந்த பூமிகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காலைலதான் அத்தே துடைச்சேன். ரப்பர் கிளவுஸை ஈரம் பண்ணி ஒரே பக்கமா இழுத்தா அத்தனை முடியும் உருண்டு வந்துடுது. ஒண்ணுகூட உடல."

"அப்ப இது இன்னா, சோபாவுக்கு மொளைச்சுதா?"

மேரி சிரித்துவிட்டாள். தலைக்குக் குளித்தால் வாசலில் நின்று உலர்த்த வேண்டும், கூடத்தில் வந்து உதறக்கூடாது என்று சந்திரகலா சொல்லிக்கொண்டே போனாள். பிறகு, இந்த வயதிலும் தேங்காய் அளவுக்கு இருந்த தன் கொண்டையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"எனக்கும்தான் இருக்குது முடி. ஒண்ணு கீழ உழுதா?"

பாவம், அவளும்தான் உட்காரட்டுமே என்று மேரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு இன்னா வஞ்சனையா? முடி கொட்டாத தலையா இருந்தா ராணி மாதிரி நடு சோபாவுல உக்காரட்டும். நானே எழுந்து எடம் உடுறேன்."

"நெசமாவா அத்தே?"

"மேரிதான் சாட்சி."

பூமிகா ரப்பர் கிளவுஸைக் கொண்டுவந்து மாமியாரின் மடியில் வைத்தாள். பிறகு தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள்.

"உங்க புள்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆனா என் முடிய குடுக்கறதா நீங்க வேண்டிக்கினீங்களே அத்தே. நேத்து திருத்தணிக்குப் போயி குடுத்துட்டு வந்துட்டோம்."

மேரி கையிலிருந்த நீள முடியையும், சந்திரகலாவின் கொண்டையிலிருந்து நழுவி எட்டிப்பார்த்த சவுரி முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பூமிகா பிளாஸ்டிக் நாற்காலியை மாமியார் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நடு சோபாவில் உட்கார்ந்தாள்.