தண்ணீர்க் கோடு

"இந்த பாட்டிலைக் கொஞ்சம் பிடி ஆர்டிஸ். டயரைப் பார்த்துட்டு வந்துடறேன்."

கணவர் ஓரின் விமானத்தின் மறுபக்கம் போனார். அவரே ஓட்டுகிற, அவரைவிட ஒரு வயது மூத்த மஞ்சள் விமானம் அது. சோள வயலை ஒட்டிய புல்தரையில் பறக்கத் தயாராக நின்றது. பக்கத்து ஊரில் விமானக்காரர்களுக்குக் காலை விருந்து.

போன வாரம் மாட்டுக் கொட்டகையில் கண் இருண்டு விழுந்த மனுஷன். "பறக்காதீங்க" என்று டாக்டர் சொன்னதற்குச் சிரித்துவிட்டு வந்தார். ஆர்டிஸ் காரைக் காட்டினாள்.

"வேண்டாங்க. கார்லயே போயிடலாம்."

"கார்ல போனா பக்கத்து வயல் டெல்பர்ட் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான். பெட்ரோல் சரியில்லன்னாதான் நான் நிப்பேன்."

சொன்னால் கேட்கிற ஆளா? காரின் ஸ்டியரிங்கையே இதுவரை யாரிடமும் தந்ததில்லை.

பெட்ரோல் சோதனை அவளுக்கும் தெரியும். கார்களுக்கு விற்கிற ஊர் பெட்ரோலில் சோளச் சாராயம், அதாவது எத்தனால், கலந்திருந்தால் பழைய இஞ்சினின் ரப்பரை அரித்துவிடும். நடுவானில் நின்று போகும். அதனால் பாட்டிலில் கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்குவார்கள். அடியில் நிற்கும் தண்ணீர் கோட்டைத் தாண்டினால் சாராயம் இருக்கிறது.

அவள் கையிலிருந்த பாட்டிலில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். ஓரின் குனிந்திருந்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு மடக்கை உள்ளே ஊற்றினாள். நீலப் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் கோட்டைத் தாண்டியது.

ஓரின் வந்து பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சாராயம்தான். பாவிங்க, கலந்துட்டானுங்க."

பக்கத்து விமானத்திலிருந்து டெல்பர்ட் சிரித்தான். "என்ன ஓரின், காலு நடுங்குதா?"

"பெட்ரோல்ல சாராயம்டா. உன் வயல் சோளமாத்தான் இருக்கும்."

பாட்டிலை இறக்கை மேல் வைத்துவிட்டு ஓரின் காரை நோக்கி நடந்தார். ஆர்டிஸுக்கு உயிர் வந்தது.

டெல்பர்ட் இறங்கி வந்து பாட்டிலை எடுத்தான். சிரிப்பு நின்றது.

"நீலமால்ல இருக்கு? ஊர் பெட்ரோல் வைக்கோல் நிறமா இருக்கும். இது விமான நிலையத்துல விக்கிறது. இதுல சாராயமே கலக்க மாட்டாங்க, யாரும் சோதிக்கவும் மாட்டாங்க. ஓரினுக்குத் தெரியாதா என்ன?"

ஆர்டிஸ் பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க, டெல்பர்ட்."

காரில் ஸ்டியரிங் பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டு, ஓரின் மறுபக்கம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்.