தலைகீழ் சுவிட்ச்

மெயினை அணைத்ததும் ஃபிரிட்ஜின் முனகல் அடங்கி வீடு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. மழை மூட்டத்தில் பகலே மங்கிக் கிடக்க, போன வருடம் இறந்த அப்பாவின் அறையில் மகள் டார்ச் பிடிக்கிறாள், அம்மா பழைய சுவிட்சைக் கழற்றுகிறாள். பொறி பறக்க ஆரம்பித்த பிறகு அதை விட்டுவைக்க முடியாது. வீட்டில் மற்ற சுவிட்சுகளைக் கீழே அழுத்தினால் விளக்கு எரியும். இதை மட்டும் மேலே அழுத்த வேண்டும். அப்பா தலைகீழாக மாட்டிவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "என் ரூமுக்கு இதான் சட்டம்" என்று சாதித்தார். இரண்டு முறை வெள்ளையடித்தும் அவர் விரல்பட்ட அழுக்கு சுவரில் மேலெழும்பி நிற்கிறது.

"இதையாவது நேரா மாட்டும்மா."

"நேராத்தான்டி மாட்டறேன்."

புதுச் சுவிட்சின் கடைசித் திருகாணியையும் முடுக்கிய அம்மா, அணைத்து வைக்கும் நினைப்பில், பழைய பழக்கப்படியே அதைக் கீழே அழுத்திவிட்டு வெளியே வருகிறாள். நடையில் மகள் மெயினைப் போடுகிறாள். திறந்திருக்கும் கதவு வழியே, ஆளில்லாத அந்த அறையிலிருந்து மஞ்சள் வெளிச்சம் நீளமாக வந்து அவர்கள் காலடியில் விழுகிறது.

"அம்மா... யாரு போட்டது?"

"நான்தான்டி. பழைய ஞாபகத்துல அமுக்கிட்டேன்."

காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் இருவரும் அசையவில்லை. விளக்கைப் போட்டதும் அவர் ஒருமுறை கனைப்பாரே, அதற்காகக் காது கொடுத்து நிற்கிறார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அம்மா ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுக்கிறாள்.

"மெயினை அணைடி. அவர் மாட்டினபடியே மாட்டிடறேன்."