இறுகிப்போன பிளக்

"எந்த முட்டாப்பய முறுக்கினான் இதை?"

பானட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் பியோ போட்ட சத்தத்தில் ஷெட்டே அதிர்ந்தது.

பக்கத்தில் நின்ற ஓக்புன் நெளிந்தாள். "எனக்குத் தெரியலையே முதலாளி. போன வருஷம்தான் பழைய வண்டியா வாங்கினேன். காலையில குளிர்ல ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது."

"எப்படி ஆகும்? எஞ்சினுக்குச் சூடு குடுக்குற க்ளோ பிளக் ஒண்ணு செத்துப்போச்சு. கழட்டலாம்னா துரு ஏறி இறுகிக் கிடக்கு. மாட்டும்போது மரையில ஒரு சொட்டு கிரீஸ் தடவினாத்தானே! பாலத்துக்கு அந்தாண்ட கடை வெச்சிருக்கானே தோக்கோ, அவன் வேலைதான். வேற எவன் இப்படிப் பண்ணுவான்?"

"அவர்கிட்டதான் நேத்து போனேன். தொட மாட்டேன்னு உங்ககிட்ட அனுப்பிட்டாரு."

பியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தோக்கோ மாதிரியே இழுத்தார்.

"'ந்நா...ன் மாட்டேம்மா... ப்பய...மா இருக்கும்மா...' ஹும்! அந்தக் கைக்கு ஸ்பானர் ஒரு கேடா? கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கப் போகச் சொல்லுங்க!"

"ஒடிஞ்சிடாதே முதலாளி?"

"ஒடிஞ்சா பாதி உள்ளேயே மாட்டிக்கும். எஞ்சினோட தலையவே கழட்டணும். பத்து நாள் ஆகும்."

"ஐயோ, நாளைக்குச் சந்தை! டோஃபுவுக்கு ரெண்டு மூட்டை சோயா ஊறப்போட்டுட்டேனே!"

"பியோ கையில ஒடியாதும்மா. நான் மாட்டினதா இருந்தா பச்சக்குழந்தை கூடக் கழட்டும். வேலை முடிஞ்சதும் பிளக் தலையில பெயிண்ட்டால நீலக்கோடு ஒண்ணு இழுப்பேன். இந்த ஊர்ல நீலம் நான் மட்டும்தான்."

எண்ணெய் விட்டார். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தினார். ஸ்பானரை இந்தப் பக்கம் ஒரு இம்மி, அந்தப் பக்கம் ஒரு இம்மி.

கிரீச்.

ஓக்புன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிளக் முழுசாக வெளியே வந்திருந்தது.

"பார்த்தீங்களா! இருங்க, தோக்கோவோட லட்சணத்தைக் காட்டுறேன்." அதன் தலையில் அப்பியிருந்த கறுப்பு மசியைத் துணியால் அழுத்தித் துடைத்தார்.

நீலக்கோடு.

பியோ சட்டென்று பிளக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"என்ன முதலாளி, பேச்சையே காணோம்?" என்றாள் ஓக்புன். "நேத்து அவரும் இப்படித்தான். துடைச்சுப் பார்த்தாரு, கப்சிப்னு ஆயிட்டாரு. அப்புறம் விரலால மசியத் தொட்டு அது மேலயே பூசிவிட்டு, 'பியோகிட்டயே போம்மா, இந்த வேலைக்கு அவரை விட்டா ஆள் இல்ல'ன்னாரு."